கீ வேலை செய்கிறது, சரி. லைசென்ஸ் எங்கே?

சிறிய மென்பொருள் நிறுவனங்களுக்கு லைசென்ஸ் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். மைக்ரோசாஃப்ட் தன் ஆக்‌ஷன் பேக் சந்தாவை (தன்னிடம் பார்ட்னராக, அதாவது கூட்டாளியாகப் பதிந்த நிறுவனங்களுக்குச் சொந்தப் பயன்பாட்டு மென்பொருளைச் சலுகையில் கொடுத்த திட்டம்) நிறுத்தியதிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. "சார், சந்தா முடிஞ்சுபோச்சு. ஆனா எல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பிரச்சினை ஒண்ணும் இல்லையே?" இருக்கிறது. போன வாரம் பேசிய ஒரு உரிமையாளரிடம் இதை எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன், நம்ப மறுத்துவிட்டார். எனவே எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று சுருக்கமாக. 2025 ஜனவரி 22 முதல் ஆக்‌ஷன் பேக்கைப் புதிதாக வாங்கவும் முடியாது, இருப்பதைப் புதுப்பிக்கவும் முடியாது. பழைய சில்வர், கோல்டு பார்ட்னர் சலுகைகளுக்கும் அதே கதிதான். பதிலுக்கு மூன்று தொகுப்புகள் வந்தன: 345 டாலருக்குப் பார்ட்னர் லாஞ்ச், 895 டாலருக்குப் பார்ட்னர் சக்ஸஸ் கோர், 3,995 டாலருக்கு எக்ஸ்பேண்டட். மூன்றும் ஆண்டுச் சந்தா. பழையதற்கே புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இவை பெரும்பாலும் கிளவுடைச் சுற்றியே அமைந்தவை. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பழைய பட்டியலைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. மென்பொருளைச் சோதித்துப் பார்க்க மைக்ரோசாஃப்ட் விற்ற டெக்நெட் சந்தாவின் விற்பனை 2013 ஆகஸ்டோடு நின்றது. ஸ்டார்ட்அப்களுக்கான பிஸ்பார்க் 2018-இல் முடிந்தது. 2019 ஜூலையில் பார்ட்னர்களின் சொந்தப் பயன்பாட்டு உரிமங்களை எடுத்துவிடப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். அந்த ஒரு சம்பவத்தை நம்பி, "இந்தத் தடவையும் மாத்திடுவாங்க" என்று புதுப்பிக்கும் தேதியைத் தாண்டவிட்டவர்களை எனக்குத் தெரியும். மாற்றவில்லை.

இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கீயை (மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது கொடுக்கும் குறியீட்டை) போட்டால் ஆக்டிவேட் ஆகிறது, அதனால் லைசென்ஸ் இருக்கிறது என்ற நம்பிக்கை. ஆக்டிவேஷன் என்பது அந்த கீ செல்லுபடியானதா, அளவுக்கு மீறிய கணினிகளில் போடப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஒரு சோதனை. நீங்கள் யார், சந்தா கட்டியிருக்கிறீர்களா, அந்த மென்பொருளில் கிளையன்ட்டின் பில்லிங்கை ஓட்டுகிறீர்களா, சோதனைதான் செய்கிறீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, அது கேட்பதும் இல்லை. சீசன் டிக்கெட் காலாவதியான மறுநாளும் ரயில் கதவு உங்களுக்குத் திறக்கத்தான் செய்யும். உரிமை இருப்பது ஒப்பந்தத்தில். பார்ட்னர் சலுகையாக வந்த மென்பொருள் என்றால், திட்டத்தைவிட்டு வெளியே வந்ததும் பயன்பாட்டை நிறுத்த வேண்டும் என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது. சர்வர் தானாக நிற்காது. நிறுத்த வேண்டியது நீங்கள்.

"அப்போ நாங்கள் காசு கொடுத்து வாங்கியது?" என்று உடனே கேட்பார்கள். எதை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. கோட் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டூடியோவிலேயே இரண்டு வகைச் சந்தா உண்டு. ஸ்டாண்டர்டு சந்தாவில், சந்தா உயிரோடு இருந்தபோது பெற்ற பதிப்புகளை முடிந்த பிறகும் பயன்படுத்தலாம். கிளவுட் சந்தாவில் அந்த உரிமை இல்லை, முடிந்த நாளோடு முடிந்தது. கோட் எழுதும் கருவிகளை விற்கும் இன்னொரு நிறுவனமான ஜெட்பிரெயின்ஸில் ஓராண்டு தொடர்ந்து கட்டியிருந்தால் ஒரு குறிப்பிட்ட பழைய பதிப்பு நிரந்தரமாக உங்களுக்கு. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இந்த மூன்றும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்வாய்ஸை எடுத்துப் பார்க்காமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

அந்த உரிமையாளரிடம் திரும்ப வருகிறேன். அவருடைய உண்மையான சிக்கல் சந்தா முடிந்தது அல்ல. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் நிர்வாகக் கருவியைத் திறந்து, சர்வர் பெயரில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ப்ராடக்ட் என்ற வரியைப் படிக்கச் சொன்னேன். "டெவலப்பர்" என்று படித்தார். அந்த சர்வரில்தான் அவருடைய கிளையன்ட்டுகளின் நேரடித் தரவு முழுவதும் இருக்கிறது. டெவலப்பர் எடிஷன் 2016 முதல் இலவசம், என்டர்பிரைஸ் எடிஷனின் வசதிகள் எல்லாம் உண்டு. ஆனால் உருவாக்கத்துக்கும் சோதனைக்கும் மட்டும். சந்தா செல்லுபடியாக இருந்த காலத்திலும் அது விதிமீறல்தான், யாரும் பார்க்கவில்லை, அவ்வளவே.

எஸ்கியூஎல் சர்வரின் கட்டணப் பதிப்பான ஸ்டாண்டர்டு எடிஷனுக்கு மாறுங்கள் என்று சொல்வது எளிது. கோர் (பிராசஸரின் உள் அலகு) கணக்கில் வாங்கினால் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) குறைந்தது 4 கோர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அது காசு. அதைவிடத் தொல்லை, ராத்திரி ஓடும் பராமரிப்பு ஜாபில் யாரோ இண்டெக்ஸ் ரீபில்டை (தரவைத் தேட உதவும் அட்டவணையை மறுபடி கட்டுவதை) ஆன்லைனில், அதாவது தரவு பயன்பாட்டில் இருக்கும்போதே நடக்கும்படி எழுதிவைத்திருக்கிறார்கள். டெவலப்பரில் ஓடும், ஸ்டாண்டர்டில் பிழை காட்டி நிற்கும். இந்த மாதிரி ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற வேண்டும். என் தொழிலில் இருப்பவர்கள் விலைப்பட்டியலைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் போவதும் உண்டு, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இலவசம்" என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விஷுவல் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பான கம்யூனிட்டியைச் சிறிய நிறுவனத்தில் 5 பேர் வரை பயன்படுத்தலாம். 250 கணினிகளுக்கு மேல் அல்லது ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்கு மேல் போனால் நீங்கள் சிறிய நிறுவனம் இல்லை. இதில் பலர் தவறவிடும் ஒரு வரி உண்டு: அந்த வரம்பைத் தாண்டிய நிறுவனத்தின் ஊழியர்கள் மட்டுமல்ல, அதற்கு ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களும் அந்த வேலைக்குக் கம்யூனிட்டியைப் பயன்படுத்தக் கூடாது. ஓப்பன் சோர்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர. அதாவது உங்களிடம் 4 பேர்தான் இருக்கிறார்கள், ஆனால் எழுதுவது ஒரு பெரிய கம்பெனிக்கு என்றால், உங்கள் ஆட்களை எண்ணிப் பயனில்லை. மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்ட உதவும் டாக்கர் டெஸ்க்டாப்பில் வரம்பு வேறு. 250 ஊழியர்களுக்குக் கீழ், கூடவே வருமானம் 1 கோடி டாலருக்குக் கீழ், இரண்டும் இருந்தால்தான் இலவசம். 2021-இல் இந்த மாற்றம் வந்தபோது லினக்ஸில் ஓடும் டாக்கர் எஞ்சினைத் தொடவில்லை. இது தெரியாமல் சர்வர்களுக்கும் சந்தா கட்டியவர்கள் உண்டு.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் செலவழிக்கச் சந்தாவோடு தரும் கிரெடிட் இன்னொரு பொறி. விஷுவல் ஸ்டூடியோ என்டர்பிரைஸ் சந்தாவுக்கு மாதம் 150 டாலர், புரொஃபஷனலுக்கு 50. மிச்சம் அடுத்த மாதத்துக்கு வராது. தீர்ந்தால் அந்த மாதம் முடியும்வரை எல்லாம் நின்றுவிடும். அது ஒரு தனி ஆளின் கணக்கோடு கட்டப்பட்டது. அதில் போய் கிளையன்ட்டின் தளத்தை வைக்கலாமா? வைக்கிறார்கள். அப்புறம் மாதக்கடைசியில் தளம் படுத்துவிட்டது என்று என்னைக் கூப்பிடுகிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது. சந்தா முடியும் தேதிகளை உங்கள் காலண்டரில் குறியுங்கள். அறிவிப்பு மின்னஞ்சல் எந்த முகவரிக்குப் போகிறது என்று இன்றே பாருங்கள், பாதிப் பேருக்கு அது வேலையைவிட்டுப் போன ஒருவருடைய முகவரி. முடிவதற்குள் போர்ட்டலிலிருந்து கீ பட்டியலையும் இன்வாய்ஸ்களையும் இறக்கி வையுங்கள், அப்புறம் உள்ளே நுழைய முடியாது. ஒவ்வொரு சர்வருக்கும் எடிஷன், எதற்குப் பயன்படுகிறது, எந்த உரிமத்தில் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் வரிகள்தான் உங்கள் வேலை. சோதனைக் குழுவையும் எண்ணுங்கள். விஷுவல் ஸ்டூடியோ சந்தா ஆளுக்கு ஒன்று, கோட் எழுதுபவருக்கு மட்டும் இல்லை. ஏற்புச் சோதனை செய்யும் கிளையன்ட்டுக்கு வேண்டாம், அங்கே வீணாகச் செலவழிக்காதீர்கள்.

தயவுசெய்து டெவலப்பர்களைத் திட்டாதீர்கள். கையில் இருந்ததை இன்ஸ்டால் செய்து கொடுத்தார்கள். பட்ஜெட் கேட்டபோது "இப்போதைக்கு இதிலேயே ஓட்டு" என்று சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக, உங்கள் லைசென்ஸ் கணக்கைச் சரிபார்க்கப் போகிறோம் என்ற ஆடிட் கடிதம் வந்த அன்று ராத்திரி உட்கார்ந்து அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். நீக்கிய தேதி விண்டோஸ் ஈவென்ட் லாகில் பதிவாகும், கடிதத்தின் தேதிக்கு மறுநாள் அது இருப்பதை எந்த ஆடிட்டரும் கவனிப்பார். எதையும் தொடாமல், அந்தத் தாளையும் இன்வாய்ஸ்களையும் எடுத்துக்கொண்டு லைசென்ஸ் தெரிந்த ஒருவரிடம் போங்கள்.