ஐஸ் பேக் முதலில் வியர்க்கட்டும்: இன்சுலினோடு ஒரு விமானப் பயணம்

டொராண்டோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அப்பா முதன்முதலாகக் கிளம்பியபோது, ஆறு மாதத்துக்கான இன்சுலினைக் கையோடு கொண்டுபோனார். முந்தின இரவே அம்மா ஐஸ் பேக்குகளை ஃப்ரீசரில் போட்டுவைத்தார். காலையில் அவை கல் மாதிரி இறுகியிருந்தன. குப்பிகளை அவற்றுக்கு நடுவில் அடுக்கி, மேலே துண்டைச் சுற்றி, பையை இறுக்கிக் கட்டினோம். சென்னை வெயிலில் மருந்து கெட்டுவிடக் கூடாதே என்ற ஒரே கவலைதான் எங்கள் எல்லோருக்கும்.

ஊர் போய்ச் சேர்ந்தபின், வழக்கமான அளவில் ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. 300-ஐத் தாண்டியே நின்றது. சாப்பாடு மாறியதாலோ, தூக்கம் கெட்டதாலோ என்று மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் பக்கத்து மருந்துக் கடையில் இருந்த மருந்தாளுநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வழியில எங்கயாவது உறைஞ்சுபோச்சா?"

குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தது. உறைந்து, அப்புறம் உருகியும் விட்டிருந்தது. வெளியே தெரிய ஒரு அடையாளமும் இல்லை.

அன்றிலிருந்து யாராவது இன்சுலினோடு விமானம் ஏறப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான். வெப்பம் இன்சுலினை மெல்ல மெல்லக் கெடுக்கும். உறைதல் ஒரே இரவில் கதையை முடித்துவிடும். நாமோ வெயிலுக்குப் பயந்து மருந்தை ஐஸின் வாயில் கொடுக்கிறோம்.

ஏன் அப்படி? இன்சுலின் ஒரு புரதம். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி, 30 கொண்ட இன்னொன்று, மொத்தம் 51. இரண்டையும் கந்தக அணுக்களின் பிணைப்புகள் கோத்து வைத்திருக்கின்றன. இந்தச் சங்கிலிகள் குறிப்பிட்ட ஒரு வடிவில் மடிந்திருந்தால்தான் அது மருந்து. தண்ணீரோடு ஒட்டாத பகுதிகள் உள்ளே ஒளிந்திருக்கும். மடிப்பு குலைந்தால் அவை வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திரிந்த பாலை என்ன செய்தாலும் மறுபடி பாலாக்க முடியாதே, அதே நிலைதான் இதற்கும்.

குப்பிக்குள் இன்சுலின் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரிவதில்லை. துத்தநாக அயனிகளைச் சுற்றி ஆறு ஆறாகக் கைகோத்து நிற்கின்றன. கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் ஃபீனால் வகை வேதிப்பொருள்களும் இந்தக் கட்டமைப்புக்கு முட்டுக் கொடுக்கின்றன. (குப்பியைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாடை அடிப்பது இவற்றால்தான்.) ஊசி போட்டபின் தோலுக்கடியில் நீர்த்துப் பிரிந்து, ஒற்றை மூலக்கூறாக ரத்தத்தில் கலக்கிறது. ஆறு பேராகச் சேர்ந்து நிற்கும்வரை வெப்பத்தை ஓரளவு தாங்கும். அதனால்தான் பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனாவையோ (பேனா வடிவ ஊசிக் கருவி) குப்பியையோ, பெரும்பாலான வகைகளில், 25 அல்லது 30 டிகிரி செல்சியஸுக்குள் 28 நாள்வரை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று உறைக்குள் இருக்கும் தாள் சொல்கிறது. சில வகைகளுக்கு இன்னும் கூடுதல் நாள் உண்டு.

கென்யாவின் வடகிழக்கில் உள்ள தடாப் அகதி முகாமில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் இதை ஆராய்ந்தன. ஃப்ரிட்ஜ் இல்லாத அந்தக் குடிசைகளில் வெப்பம் நாளுக்குள் 25-க்கும் 37-க்கும் நடுவே ஏறி இறங்கும். அதே ஏற்ற இறக்கத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலினைச் சோதனைக்கூடத்தில் பார்த்தபோது, குளிரில் வைத்ததற்கு இணையாகவே இருந்தது. 2021-இல் வெளியான முடிவு இது. வெயிலில் நிறுத்திய காரில் மருந்தை விட்டுப் போகலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பூட்டிய கார் 50, 60 டிகிரியை எளிதாகத் தொடும், அங்கே இன்சுலின் நெடுநேரம் தாங்காது. ஆனால் ஒரு நாள் பயணத்தில், குளிர்சாதன விமானத்தில், கைப்பையில் இருக்கும் ஒரு பேனாவுக்கு ஐஸே வேண்டாம். ஆறு மாதச் சரக்கைக் கொண்டுபோகிறவருக்குத்தான் குளிர் தேவை. பிரிக்காத குப்பியும் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வைக்கத் தொடங்கினால் அதன் 28 நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

சரி, உறையும்போது என்ன நடக்கிறது? சின்ன வயதில் குச்சி ஐஸ் சாப்பிட்டவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். உறிஞ்ச உறிஞ்ச கலரும் இனிப்பும் முதலில் வந்துவிடும். கடைசியில் குச்சியில் மிஞ்சுவது வெறும் வெள்ளை ஐஸ். தண்ணீர் உறையும்போது தன் படிகத்துக்குள் வேறு எதையும் சேர்த்துக்கொள்வதில்லை. கரைந்திருப்பதை எல்லாம் ஓரமாக ஒதுக்கித் தள்ளும். இன்சுலின் குப்பியிலும் அதேதான். ஐஸ் வளர வளர, இன்சுலின், துத்தநாகம், உப்பு, ஃபீனால் எல்லாம் மிச்சமிருக்கும் கொஞ்சம் திரவத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்த நெரிசலிலும், ஐஸ் படிகங்களின் பரப்பிலும் மடிப்பு குலைகிறது. பால் போலக் கலங்கலாக இருக்கும் இன்சுலின் என்றால் அதன் நுண்படிகங்கள் கட்டி தட்டிப்போகும். ஒரு ஊசியில் குறைவாகவும் அடுத்ததில் அதிகமாகவும் மருந்து வரும். போதாததற்கு, உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். பேனாவின் கண்ணாடிக் குழாயில் மயிரிழை விரிசல் விழலாம். எனவே உறைந்தது என்று சந்தேகம் வந்தாலே அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இனி அம்மா கட்டிய பைக்கு வருகிறேன். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக் சுமார் −18 டிகிரியில் இருக்கும். அதில் 200 கிராம் தண்ணீர் உறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 0 டிகிரிக்கு ஏற மட்டும் ஏறத்தாழ 7.5 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். ஃப்ரிட்ஜில் 5 டிகிரியில் இருந்த 10 மில்லிலிட்டர் குப்பியில் உள்ள மருந்து முழுதும் உறைய, அதிலிருந்து சுமார் 3.5 கிலோஜூலை எடுத்தால் போதும். ஒரே ஒரு ஐஸ் பேக், ஒரு சொட்டுக்கூட உருகாமல், ஒட்டியிருக்கும் இரண்டு குப்பிகளை உறையவைத்துவிடக்கூடும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அதே பேக் 0 டிகிரியில் உருகி முடிக்கும்வரை உறிஞ்சுவது ஏறத்தாழ 67 கிலோஜூல். ஆக அதன் மொத்தக் குளிர்ச்சியில் பத்தில் ஒன்பது பங்கு உருகுவதில்தான் இருக்கிறது. ஆபத்தான அந்த முதல் பகுதி ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கைச் சமையல் மேடையில் வைத்துத் தொலைத்துவிட்டால், உறையவைக்கும் ஆற்றலும் போய்விடும். இன்சுலினில் பிற பொருள்கள் கரைந்திருப்பதால் அது 0-க்குச் சற்றுக் கீழேதான் உறையும். உருகிக்கொண்டிருக்கும் ஐஸோ 0-க்குக் கீழே போகாது.

தடுப்பூசி கொண்டுபோகும் சுகாதாரப் பணியாளர்கள் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைப்பார்கள். முதலில் மேலே வெள்ளையாக உறைபனி படியும். அது கரைந்து, பேக் வியர்க்கும். அப்புறம் ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஐஸ் கட்டி நகர்ந்து தண்ணீர் "சளக்" என்று கேட்டால்தான் பெட்டிக்குள் போகும். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்? உள்ளே ஐஸும் தண்ணீரும் சேர்ந்து இருக்கின்றன, எனவே வெப்பநிலை 0 டிகிரி. கையில் கருவி இல்லாமலே வெப்பநிலையை இவ்வளவு சரியாக அறிகிற வழி எனக்கு வேறு தெரியாது. அதற்குப் பிறகும் குப்பிகளை ஒரு துணியில் சுற்றி, பேக்கை நேராகத் தொடாமல் வைக்க வேண்டும், ஏனென்றால் நமக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. உலர் பனி என்கிற டிரை ஐஸ் −78.5 டிகிரி, இன்சுலின் பக்கத்தில் அது வரவே கூடாது.

ஐஸே இல்லாத வழியும் ஒன்று உண்டு, நம் மண்பானை வழி. தண்ணீரை உறிஞ்சிக் கூழாகும் மணிகள் தைத்த பைகள் கடையில் கிடைக்கின்றன. நனைத்து வைத்தால், தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிராம் ஐஸ் உருகி எடுப்பதைப்போல ஏழு மடங்கு வெப்பத்தை, ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகி எடுக்கும். உறையவைக்கும் பயமும் இல்லை. ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் பை தோற்றுவிடும். மே மாதச் சென்னையில் 36 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால், ஈரத்துணி எவ்வளவு முயன்றாலும் 29 டிகிரிக்குக் கீழே போகாது. விமானத்துக்குள்ளோ காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே, உதடு வெடிக்கிற அளவு வறட்சி. அங்கே இந்தப் பை நன்றாக வேலை செய்யும், காற்று படுகிற மாதிரி வைத்தால். பெட்டிக்குள் போட்டு மூடினால் பயனில்லை.

செக்-இன் பெட்டியில் மருந்தைப் போடக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே −56 டிகிரி. சரக்கு அறைக்கும் பயணிகள் அறையைப் போலவே காற்றழுத்தம் உண்டு, பெரும்பாலும் உறையாமலும் இருக்கும். ஆனால் எல்லா மூலையும் ஒரே வெப்பம் இல்லை. பெட்டி வண்டி ஓடுதளத்தின் ஓரம் வெயிலிலோ பனியிலோ எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் நம் கையில் இல்லை. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால்? அது எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல். விமானப் பணியாளரிடம் கொடுத்து அவர்கள் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. அங்கேயும் ஐஸுக்குப் பக்கத்தில் போகலாம், இறங்கும் அவசரத்தில் மறந்தும் போகலாம்.

காற்றழுத்தம் இன்னொரு வேலையும் செய்கிறது. பறக்கும்போது விமானத்தின் உள்ளே, சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தம்தான். கொடைக்கானலில் நிற்கிற மாதிரி. 8,000 அடி அளவில் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு. அப்போது ஒரு காற்றுக்குமிழ் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். பேனாவில் ஊசியை மாட்டியே வைத்திருந்தால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து மருந்தைச் சொட்டவைக்கும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும். எனவே போடும் நேரத்தில் மட்டும் ஊசியை மாட்டி, இரண்டு யூனிட் வெளியே தள்ளிப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். குப்பியிலிருந்து எடுக்கிறவர்கள் வழக்கமாக உள்ளே செலுத்தும் காற்றில் பாதி செலுத்தினால் போதும்.

பாதுகாப்புச் சோதனைக்குப் பலர் பயப்படுகிறார்கள். திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்க நினைத்து, 2006-இல் லண்டனில் முறியடிக்கப்பட்ட சதிக்குப் பிறகு, கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கு வந்த 100 மில்லிலிட்டர் கட்டுப்பாட்டில் மருந்துக்கு விலக்கு உண்டு. மருத்துவர் சீட்டும், மருந்தின் பொதுப்பெயரும் கையில் இருக்கட்டும். நம் ஊர் கம்பெனிப் பெயர் வெளிநாட்டில் யாருக்கும் புரியாது. பையைத் தனியே எடுத்து முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே இன்சுலினை ஒன்றும் செய்யாது. சர்க்கரையை அளக்க உடலில் ஒட்டும் சென்சாரும், இன்சுலின் செலுத்தும் பம்பும் வேறு கதை. சிலவற்றை எக்ஸ்ரேயில் அனுப்பக் கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

அந்த மருந்தாளுநர் இன்னொரு நல்ல காரியமும் செய்தார். அப்பாவுக்குப் புதுக் குப்பி கொடுத்தபோது, பையிலிருந்த சிவப்பு மூடி சிரிஞ்சுகளை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளைக் கொடுத்தார். நம் ஊரில் பரவலாக விற்கும் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். கனடாவில் 100. அந்த மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து ஆளையே கொண்டுபோகக்கூடிய தவறு அது. குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் மருந்தோடு நாடு தாண்டுகிற யாரும் இதைத் தெரியாமல் போகக் கூடாது.

இதே டொராண்டோவில்தான் 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அந்த ஊரின் ஜனவரியில் வெயிலைப் பற்றிய பேச்சே கிடையாது. போன குளிர்காலத்தில் அப்பா மறுபடி போனபோது விமான நிலையத்துக்கு வெளியே −15 டிகிரி. ஐஸ் பேக்கைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, குப்பிகளைத் துணியோடு சுற்றிக் கோட்டின் உள்பையில், நெஞ்சை ஒட்டி வைத்துக்கொண்டுதான் கார்வரை நடந்தாராம். அக்கா வீட்டில் ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்காமல் நடுத்தட்டில் முன்பக்கமாக வைக்கச் சொன்னார்.

அந்தப் பயணத்துக்குக் கிளம்பிய அன்று அதிகாலையில் சமையல் மேடையில் நான்கு ஐஸ் பேக்குகள் வியர்த்துக்கொண்டிருந்தன. அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்து ஆட்டினார். மூன்றைப் பையில் போட்டார். நான்காவதை மறுபடி மேடையிலேயே வைத்துவிட்டு, "இதுல இன்னும் சத்தம் வரலம்மா, பத்து நிமிஷம் இருக்கட்டும்" என்றார்.