"டீச்சர், நீங்களே எழுதித் தாங்க"

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மொழி என்றாலே பயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், ஸ்கூலில் இந்தியும் இங்கிலீஷும் என்று வளர்கிறவர்கள். இங்கிலீஷில் பேசச் சொன்னால்கூட எப்படியோ சமாளித்துவிடுவார்கள். எழுதச் சொன்னால்தான் பேனா நகராது.

எழுத்து என்றாலே அவர்களுக்குப் பரீட்சைதான். கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷுக்கு எழுத்துத் தேர்வு 80 மார்க், உள்மதிப்பீடு 20. கடிதம், டைரி, நோட்டீஸ் எல்லாம் கேட்பார்கள். கைடில் இருக்கும் மாதிரிகளை உருப்போட்டுப் போவதுதான் ஊர் வழக்கம். என்னிடம் டியூஷன் வரும் பத்தாம் வகுப்புப் பையனும் அப்படித்தான். "புரிஞ்சு எழுதி என்ன டீச்சர் ஆகப்போகுது, சிவப்பு மையில சுழிக்கத்தானே போறாங்க" என்பான்.

அப்புறம் அவன் வீட்டுத் தென்னந்தோப்பு போர்வெல் மோட்டர் வாரண்டி முடியும் முன்பே மக்கர் செய்தது. கடைக்காரர் கம்பெனிக்கு மெயில் போடச் சொல்லிவிட்டார். அப்பா பையனைப் பார்க்க, பையன் என்னிடம் வந்து நின்றான். "டீச்சர், நீங்களே எழுதித் தாங்க." நான் எழுதித் தரவில்லை. (தென்னை காயும்போது இந்த டீச்சர் பாடம் நடத்துகிறாளே என்று அவன் அப்பா நினைத்திருப்பார். நியாயம்தான்.)

அவன் எழுதி வந்தது கைடுக் கடிதம். 'ரெஸ்பெக்டட் சார்' தொடங்கி மரியாதை எல்லாம் முடிந்து, கடைசி வரியில்தான் மோட்டர் வந்தது. என்ன கோளாறு என்று அதிலும் இல்லை. தமிழில் சொல்லச் சொன்னேன். "ஆன் பண்ணா ஓடுது, பத்து நிமிஷம் கழிச்சு ட்ரிப் ஆகுது. கரண்ட் சரியாத்தான் இருக்கு, எலக்ட்ரீசியன் பார்த்துட்டார்." சரி, இதையே எழுது என்றேன்.

'டென் மினிட்ஸ் ஆஃப்டர் ட்ரிப்பிங்' என்று எழுதினான். தமிழில் எழுவாயை விட்டாலும் வாக்கியம் நிற்கும், இங்கிலீஷில் நிற்காது. "எதுடா ட்ரிப் ஆகுது?" என்றதும் 'இட்' வந்தது. 'ஆஃப்டர்' முன்னால் போனது. 'ஏ', 'தி' விட்டுப்போன இடங்களை நான் தொடவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திருத்தினால் அது பிள்ளையின் எழுத்தாக இருக்காது. அர்த்தத்தைக் கெடுக்கிற பிழைதான் எனக்கு முதலில்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பில் போட்டோவும் சீரியல் நம்பரும் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். "சீரியல் நம்பர் போடாம விட்டுட்டேன் டீச்சர், அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெயிலைப் படிக்கிற ஆளை நினைத்து அவன் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஸ்பெல்லிங் இன்னும் மோசம்தான். ஆனால் கைடைத் தேடுவதில்லை. இந்த இடத்தில் 'வாஸ்' வருமா, 'ஹேஸ் பீன்' வருமா என்று அவனே வந்து சண்டை போடுகிறான்.

பெற்றோர் பலர், நமக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. நோட்டைக் கையில் கொடுத்து, எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை திருதிருவென்று விழித்தால் அது உருப்போட்டது. டியூஷனில் வந்து அதைச் சொல்லுங்கள்.