அந்த வெள்ளைப் பூவை மட்டும் பிடுங்கிடாதீங்க

சான் பிரான்சிஸ்கோ வளைகுடா ஓரத்துல உப்புச் சதுப்பு நிலத்தைச் சீரமைக்கிறதுதான் எனக்கு வேலை. மே ஜூன் வந்தா போதும், தெரிஞ்சவங்க யாராவது போட்டோ அனுப்பிடுவாங்க, வாக்கிங் போற பாதையோரமா குட்டிக்குட்டியா வெள்ளைப் பூ கொத்துக்கொத்தா பூத்திருக்கு, என்ன பூங்கன்னு. பார்த்ததும் வயித்துல புளியக் கரைக்கும். அது பெப்பர்வீட்னு ஒரு களைச்செடி.

கடுகு குடும்பம், ஆளுயரம் வரும். பூர்வீகம் தென்கிழக்கு ஐரோப்பா, மேற்கு ஆசியா பக்கம். சர்க்கரை பீட் விதையோட கலந்து வந்திருக்கும்னு சொல்றாங்க, கலிஃபோர்னியால 1936லயே பதிவாயிடுச்சு. லடாக்ல இதே செடியோட இளந்தளிரைக் கீரையா சமைச்சு சாப்பிடுறாங்க, அங்க அது நல்ல பிள்ளை!

இங்க சதுப்புல இருக்க வேண்டியது பிக்கிள்வீட், வேதாரண்யம் பக்கம் பார்ப்போமே உமரி, அதோட சொந்தம். அந்தப் புதருக்குள்ள ஒளிஞ்சு வாழுற ஹார்வெஸ்ட் மவுஸ்னு ஒரு சுண்டெலி உலகத்துலயே இந்த வளைகுடாவைச் சுத்தி மட்டும்தான் இருக்கு, 1970லேர்ந்து அழியுற நிலைப் பட்டியல்ல இருக்கு. பெப்பர்வீட் மண்டுச்சுன்னா காய்ஞ்ச தண்டுகூட விழாம நின்னு வெயிலை மறைச்சிடும், அடியில பிக்கிள்வீடும் வராது எலியும் தங்காது.

சரி பிடுங்கிடலாமேன்னு தோணும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் அதைத்தான் செஞ்சேன், வாலண்டியர்ஸைக் கூட்டிட்டுப் போய் ஒரு சனிக்கிழமை முழுக்க மண்வெட்டியால தோண்டி மூட்டை மூட்டையா அள்ளினோம், மறுவருஷம் போய்ப் பார்த்தா தோண்டின இடத்துலதான் முன்னைவிட அடர்த்தியா நிக்குது. வேர் ரொம்ப ஆழம், ஒரு இன்ச் துண்டு மண்ணுல மிச்சமிருந்தாலும் அது தனிச்செடி. டிராக்டர் விட்டு உழுதா கதை முடிஞ்சுது, நாமளே நட்ட மாதிரி. வெட்டி விட்டு, திரும்பத் துளிர்த்து மொட்டு விடுற நேரத்துல, தண்ணியோரத்துக்கு அனுமதிச்ச களைக்கொல்லியை அளவா அடிக்கிறதுதான் ஓரளவு கேக்குது, அதையும் ரெண்டு மூணு வருஷம் விடாம பார்க்கணும். அதுக்கு ஆள் இருக்கு, நீங்க இடத்தோட போட்டோ எடுத்து பார்க் ஆபீஸ்ல சொன்னா போதும், ஷூ அடியில ஒட்டின சேறைத் தட்டிட்டு கார்ல ஏறுங்க.

போன வாரம் ஒரு அக்கா கொத்தா பறிச்சுட்டு வந்து காயவச்சு ஹால்ல ஜாடியில வச்சிருக்காங்க, பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. விதை முத்திடுச்சுக்கா, ரெண்டு கவர்ல கட்டி குப்பையில போடுங்க, கம்போஸ்ட் தொட்டியில மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்.