கதை புரியவில்லையா, எழுத்து தெரியவில்லையா?

"மூணாவது கண்ணாடிங்க மேடம். இதுலயும் தெரியலை" என்று பழைய கண்ணாடிகள் இரண்டையும் என் மேஜைமேல் எடுத்துவைத்தார். வயது 41, வங்கி வேலை. பகலெல்லாம் கணினி பார்க்கிறார், ராத்திரியில் பைக் ஓட்டுகிறார், எதிலும் தொந்தரவில்லை. வெள்ளிக்கிழமை இரவு மட்டும் டிவி மங்கலாகத் தெரிகிறதாம். வெள்ளிக்கிழமை இரவு என்றதும் எனக்கு வேறு சந்தேகம்கூட வந்தது. கேட்கவில்லை.

சோதித்துப் பார்த்தேன். கண்ணாடியோடு இரண்டு கண்ணிலும் 6/6, அதாவது குறையில்லாத பார்வை. பவர் சரி, சிலிண்டர் சரி. வெள்ளெழுத்து இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, ஆனால் அது கையில் இருக்கும் போனைப் படிக்கத்தான் இடைஞ்சல். சோபாவிலிருந்து டிவி பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம்தான் கேட்டேன், வெள்ளிக்கிழமை டிவியில் என்னதான் பார்க்கிறீர்கள் என்று.

கல்லூரி நண்பர்கள் நாலு பேர், ஆளுக்கொரு ஊரில். வாரம் ஒருநாள் கன்சோலில், அதாவது டிவியோடு இணைக்கும் கேம் கருவியில், ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரமாகி ஒரு கதைக்குள் போய் ஆடுவது. திரையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். ஒரு கிழவர் ஏதோ பேசுகிறார், அடியில் பனிமலைப் படத்தின்மேல் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. போனில் விரலால் பெரிதாக்கின பிறகுதான் என்னாலும் படிக்க முடிந்தது.

"இவர் என்ன சொல்றார்?"

"யாருக்குங்க தெரியும். பட்டனை அமுக்கிட்டே போயிடுவேன். கதையெல்லாம் ஒண்ணுமில்லைங்க இதுல."

பதினாலு வருடமாகக் கண் பரிசோதனை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கேம் ஆடுகிறவர்களில் கதை மோசம் என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால், பாதிப் பேர் கதையைப் படித்தே இருக்க மாட்டார்கள். சோம்பலால் இல்லை. எழுத்து கண்ணுக்கு எட்டவில்லை. அதுவும் இந்த வகைக் கேம்களில் கதை முக்கால்வாசி எழுத்தில்தான் இருக்கிறது. யாரைப் பார்க்கப் போகிறோம், எதற்கு, கையில் கிடைத்த வாள் யாருடையது, எல்லாமே சின்னச் சின்னப் பெட்டிகளில். குரல் கொடுப்பது முக்கியமான காட்சிகளுக்கு மட்டும்.

அவரை வீட்டுக்குப் போய் ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னேன். சாயங்காலமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்: டிவி 43 அங்குலம், சோபாவிலிருந்து 3 மீட்டர், திரையில் 'ஏ', 'ஈ' போன்ற சின்ன ஆங்கில எழுத்துகளின் உயரம் 4 மில்லிமீட்டர்.

இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சார்ட்டில் 6/6 வரியை 6 மீட்டரில் நின்று படிக்க வேண்டும். அந்த எழுத்தின் உயரம் சுமார் 8.7 மி.மீ. தூரம் பாதியானால் உயரமும் பாதி. அதாவது 3 மீட்டரில் 4.4 மி.மீ. இவர் டிவியில் இருப்பது அதைவிடவும் சின்னது. நல்ல கண் உள்ளவர் முக்கி முனகிப் படிக்கிற கடைசி வரியை, மூன்று மணி நேரம், ஆடும் பனிமலைக்கு மேல் வைத்துப் படி என்று இந்தக் கேம் அவரிடம் கேட்கிறது. இதற்கு மூன்றாவது கண்ணாடி அல்ல, முப்பதாவது கண்ணாடியும் உதவாது. சிரமமில்லாமல் தொடர்ந்து படிக்க, கண்ணால் பிடிக்க முடிகிற கடைசி அளவைப் போல இரண்டு மடங்காவது எழுத்து இருக்க வேண்டும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், பல கேம்களின் திரை முதலில் கணினிக்காகப் போடப்பட்டது. 24 அங்குல மானிட்டரில், 60 சென்டிமீட்டர் தூரத்தில், 16 புள்ளி (பிக்சல்) அளவுள்ள அதே எழுத்து கடைசி வரி அளவைப்போல இரண்டரை மடங்கு தெரியும். வடிவமைப்பவர் மேஜையில் அது பளிச்சென்றுதான் இருந்திருக்கும். கூடத்து டிவிக்கு வந்ததும் அந்த இரண்டரை ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது.

புதிய சிக்கலும் இல்லை இது. 2006-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்கு வந்த 'டெட் ரைசிங்' கேம் எச்டி டிவியை மனதில் வைத்துச் செய்தது. வீட்டில் பழைய டிவி வைத்திருந்தவர்கள் அதன் எழுத்தைப் படிக்க முடியாமல் திண்டாடினார்கள். அப்புறம் மைக்ரோசாஃப்ட் தன் அணுகல் வழிகாட்டியில் ஒரு அளவே சொல்லிவிட்டது: கன்சோலில் 1080 வரித் திரைக்கு எழுத்து குறைந்தது 26 புள்ளி, 4கே திரைக்கு 52. வழிகாட்டிதான், கட்டாயம் இல்லை.

விரலுக்கு இவர்கள் யோசித்த அளவு கண்ணுக்கு யோசிக்கவில்லை என்பது என் வருத்தம். 'ஃபைனல் ஃபேன்டஸி 14' 2013-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தபோது, விசைப்பலகையில் பரப்பிவைத்த வேலைகளைக் கையடக்கக் கன்ட்ரோலரில் அழகாக அடக்கினார்கள். எல்2 அல்லது ஆர்2 பட்டனைப் பிடித்துக்கொண்டால் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு வேலை. அந்த கேமில் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே பெரிதாக்கவும் முடியும், ஆனால் அது மெனுவுக்குள் எங்கோ இருப்பதால் தேடிப் போகிறவர்கள் குறைவு.

ஆன்லைன் என்பதால் இன்னொரு தொல்லை. தனியாக ஆடும் கேமில் நிறுத்திவிட்டு எழுந்து டிவி பக்கத்தில் போய்ப் படிக்கலாம். இங்கே நிறுத்த முடியாது, கூட்டாளிகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். மேலே சொன்ன 'ஃபைனல் ஃபேன்டஸி 14'-இலேயே இரண்டு நிலவறைகள், அதாவது கூட்டாகச் சேர்ந்து சண்டை போடும் இடங்கள், இதற்குப் பேர்போனவை. புதிதாக வந்தவர் கதைக்காட்சியைப் பார்த்துவிட்டு வருவதற்குள், பழகினவர்கள் எதிரியை முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார்கள். பிறகு காட்சிகளை யாருமே தாண்ட முடியாதபடி செய்தார்கள், 2022-இல் எட்டுப் பேர் ஆட்டத்தை நாலு பேருக்குக் குறைத்து மாற்றியமைத்தார்கள். கேமுக்குள் வரும் விடுதி அறையில் ஒரு புத்தகமும் இருக்கிறது, பார்த்த காட்சிகளை அதில் நிதானமாகத் திரும்பப் பார்க்கலாம். இப்படிச் செய்கிற கேமை நான் மெச்சுவேன்.

சரி, எல்லாப் பழியையும் எழுத்தளவின்மேல் போடவும் முடியாது. 2014-இல் வந்த 'டெஸ்டினி' கேமின் கதை விவரங்கள் 'கிரிமுவார்' என்ற அட்டைகளாக இருந்தன. அவற்றை கேமுக்குள் படிக்க வழியில்லை, இணையதளத்துக்கோ போன் செயலிக்கோ போக வேண்டும். டிவியிலிருந்து போனுக்கு, போனிலிருந்து டிவிக்குப் பார்வையை மாற்றி மாற்றி வைப்பது நாற்பதைத் தாண்டியவருக்குச் சரியான தண்டனை. 'டெஸ்டினி 2' இன்னும் ஒருபடி மேலே போய், 2017-இல் விற்ற முதல் கதைத்தொடரையே 2020 நவம்பரில் கேமிலிருந்து எடுத்துவிட்டது. புதிதாக வருகிறவர் நடுக்கதையில் வந்து விழுகிறார். அதற்கெல்லாம் என்னிடம் லென்ஸ் கிடையாது.

நிறமும் கவனிக்க வேண்டியது. பொருளின் மதிப்பைப் பச்சை, நீலம், ஊதா என்று நிறத்தாலேயே சொல்வதும், ஆபத்தான இடத்தில் தரையில் சிவப்பு வட்டம் போடுவதும் இங்கே வழக்கம். சிவப்பு பச்சை பிரித்தறிவதில் குறையுள்ள ஒருவருக்கு மண் தரையில் சிவப்பு வட்டம் இருப்பதே தெரியாது, திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டே இருப்பார். தனக்கு இந்தக் குறை இருப்பதே தெரியாமல் வளர்ந்தவர்கள் உண்டு. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' கேம் அந்த வட்டத்தின் நிறத்தை மாற்றிக்கொள்ள விடுகிறது, மாற்றிப் பாருங்கள்.

வங்கிக்காரருக்கு நான் கண்ணாடி எழுதித் தரவில்லை. முதலில் கேமின் அமைப்பில் சப்டைட்டிலைப் பெரிதாக்கி, பின்னால் கறுப்புப் பட்டை வைக்கச் சொன்னேன். பட்டை வைக்க முடிந்தது, பெரிதாக்கும் வசதி அந்த கேமில் இல்லை. பிளேஸ்டேஷன் 5-இல் ஜூம் வசதியை இயக்கிவிட்டால் பிஎஸ் பட்டனோடு சதுர பட்டனை அழுத்தி எந்தத் திரையையும் பெரிதாக்கலாம், எக்ஸ்பாக்ஸிலும் உருப்பெருக்கி இருக்கிறது. சண்டைக்கு நடுவே அது ஆகாது, கடிதம் படிக்கப் போதும். கடைசியில் வேலை செய்தது ஒரு பீன் பேக். டிவியிலிருந்து ஒன்றரை மீட்டரில் போட்டு உட்கார்ந்தால் அதே எழுத்து கண்ணுக்கு இரண்டு மடங்கு. கிட்ட உட்கார்ந்தால் கண் கெட்டுவிடும் என்று அவர் அம்மா சத்தம் போட்டாராம். ஒன்றரை மீட்டர் ஒன்றும் செய்யாது, இடையிடையே கண்ணைச் சிமிட்டினால் சரி. உன்னிப்பாகப் பார்க்கும்போது சிமிட்ட மறந்துவிடுகிறோம், எரிச்சல் அதனால்தான்.

அந்தக் கிழவர்தான் நாலு வெள்ளிக்கிழமையாக அவர்கள் தேடிக்கொண்டிருந்த துரோகி என்று அடுத்த வாரம் செய்தி வந்தது.

இதை நம்பி எல்லோரும் பீன் பேக் வாங்கிவிடாதீர்கள். அதே மாதம் ஒன்பது வயதுப் பையனோடு ஓர் அம்மா வந்தார். எங்கோ இந்த மாதிரி படித்திருக்கிறார். "கேம்ல எழுத்து சின்னதா இருக்குதுங்க மேடம், அதான் டிவிகிட்டப் போய் நிக்கிறான். பையனுக்கு ஒண்ணும் இருக்காதுங்களே?" போட்டோ வாங்கிப் பார்த்தேன். எழுத்து தாராளமாக இருந்தது. பையனுக்குக் கிட்டப்பார்வை: வலது கண்ணில் மைனஸ் 1.75, இடது கண்ணில் மைனஸ் 1.50.