மணல் தரைக்குப் பழைய வரைபடம் செல்லாது

மறுபடியும் ஒருவர் நான்கு ஆண்டுப் பழைய கடலடி வரைபடத்தை நீட்டி, "இதை வைத்தே குழாயைப் பதித்துவிடலாமே, திரும்ப அளக்க எதற்குச் செலவு?" என்கிறார். பாறைத் தரையாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். இது மணல் சார்!

கேட்டுக் கேட்டுக் காது புளித்த வாதம் இதுதான்: "நாற்பது மீட்டர் ஆழத்தில் அலை எங்கே எட்டப்போகிறது? புயலெல்லாம் மேலேதான்." கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து விநாடிக்கு ஒன்றாக வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 156 மீட்டர். அதன் அசைவு அந்த நீளத்தில் பாதி வரை, அதாவது 78 மீட்டர் ஆழம் வரை இறங்கும். இறங்க இறங்க வலு குறையும், உண்மைதான். ஆனாலும் அலை 6 மீட்டர் உயரம் என்றால், 40 மீட்டர் ஆழத்துத் தரையில் தண்ணீர் விநாடிக்கு அரை மீட்டருக்கு மேல் முன்னும் பின்னும் ஓடும். மணலைக் கிளப்ப அது தாராளம். சரி, புயலே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஓத நீரோட்டம் (கடல் மட்டம் ஏறி இறங்குவதால் ஓடும் நீர்) தினமும் தரையைத் தேய்த்துக்கொண்டு போகிறதே, அது கணக்கில் இல்லையா?

நீரோட்டம் மணலை மேட்டின் ஒரு பக்கம் மெல்ல ஏற்றி, மறுபக்கம் சரித்துவிடும். மேடே நகர்ந்துபோகும். மணல் அலைகள் எனப்படும் இப்படிப்பட்ட பெரிய மேடுகள் பல மீட்டர் உயரம் இருக்கும். சில இடங்களில் ஆண்டுக்குப் பத்து மீட்டர்கூட நகரும். மேட்டுக்குள் புதைத்த குழாய் அப்புறம் பள்ளத்தின் மேல் தொங்கும். தொங்கினால் அதிரும், அதிர்ந்தால் வெல்டிங் மூட்டு விரிசல் விடும்.

கடலடியைக் காட்டும் கேமராவில் சின்ன மணல் வரிகள் இரு பக்கமும் ஒரே சரிவாக, உச்சி கூராகத் தெரிந்தால் அலையின் வேலை. ஒரு பக்கம் மட்டும் செங்குத்து என்றால் நீரோட்டம். ஆனால் ஓதம் திரும்பினால் சின்ன வரிகளும் திரும்பிவிடும். மணல் போகும் திசைக்குப் பெரிய மேட்டின் சாய்வைப் பாருங்கள். (பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹெர்தா அயர்டன் 1904-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசித்தது இந்த வரிகளைப் பற்றித்தான். தன் கட்டுரையை அங்கே தானே வாசித்த முதல் பெண் அவர்.)

வரைபடம் கைக்கு வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள், ஆழம் அப்புறம். புதைக்கும் ஆழத்தை இன்றைய மேட்டின் உச்சியிலிருந்து எண்ணாதீர்கள்; பக்கத்துப் பள்ளத்தின் அடியிலிருந்து எண்ணுங்கள். ஒரே ஒரு முறை அளந்தால் நகர்வு தெரியாது. குறைந்தது இரண்டு முறை அளக்க வேண்டும், நடுவே ஒரு புயல் பருவம் கடந்திருக்க வேண்டும். கடலில் நட்ட தூணின் அடியில் மணல் அரிக்காமலிருக்கச் சுற்றிக் கல் கொட்டியதோடு போய்விடாதீர்கள், கல்லின் ஓரத்திலும் மணல் அரிக்கும்.

படகு வைத்திருப்பவர்களே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். புயலுக்கு அப்புறம் முகத்துவார மணல்திட்டைத் தாண்டும்போது போன மாத ஜிபிஎஸ் தடத்தை நம்ப வேண்டாம். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரில் கண் வைத்து, அலை அடங்கிய நேரமாகப் பார்த்து, ஓதம் ஏறும்போது மெதுவாகப் போங்கள். தரை தட்டினாலும் ஏறும் தண்ணீர் தூக்கிவிடும்.