இலங்கைத் தேர்தல் முறை: ஆசனக் கணக்கு மாறியதும் கூட்டணிகள் மாறிய கதை

1977 ஜூலையில் நடந்த பொதுத் தேர்தலில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிட்டத்தட்ட 30 சதவீத வாக்கு விழுந்தது. கிடைத்த ஆசனங்களோ எட்டு. நாடு முழுவதும் ஏழு சதவீதத்துக்கும் குறைவான வாக்குப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனங்கள் கிடைத்து, அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். பாதியை ஒரு சதவீதம் தாண்டிய ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140-ஐ அள்ளிக்கொண்டது. அதற்கு முந்தைய 1970 தேர்தலில் கதை நேர் எதிர். சுதந்திரக் கட்சியைவிடச் சற்றுக் கூடுதலாகவே வாக்கு வாங்கியும் ஐ.தே.க. 17 ஆசனங்களோடு சுருண்டது.

தொகுதியில் முதலாவதாக வந்தவர் வென்றவர் என்ற பழைய முறையில் இப்படித்தான் நடக்கும். அதனால் கூட்டணி பேசுகிறவர்கள் வாக்களிப்புக்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள். 1970-இல் சுதந்திரக் கட்சியும் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு நின்றன, 151-இல் 116 வந்தது. 1977-இல் இடதுசாரிகள் பிரிந்து நின்றார்கள், ஓர் ஆசனமும் தேறவில்லை.

1978 அரசியலமைப்பு இந்த முறையைக் கைவிட்டு, வாக்கு விகிதப்படி ஆசனம் பிரிக்கும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. ஜே.ஆர். ஜெயவர்தன இதை விரும்பியதில் ஒரு கணக்கு இருந்தது. தோற்றாலும் ஐ.தே.க.வின் வாக்கு வங்கி பெரிதாகச் சரியாது, ஆகவே 1970 போன்ற அடி இனி விழாது, தன் அரசியலமைப்பை மாற்ற எதிரிக்கு மூன்றில் இரண்டும் எளிதில் கிடைக்காது. ஆனால் 1982 சர்வசன வாக்கெடுப்பால் பழைய பாராளுமன்றத்தின் ஆயுள் ஆறு ஆண்டுகள் நீட்டப்பட்டதால், புதிய முறையில் முதல் பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. இடையில் விதிகளும் மாறின. இன்று நடப்பில் இருப்பது 1988-இல் வந்த 14ஆம், 15ஆம் திருத்தங்களோடு கூடிய வடிவம்.

அதன்படி மொத்தம் 225 உறுப்பினர்கள். 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து 196 பேர், தேசியப் பட்டியலிலிருந்து 29 பேர். வாக்காளர் முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி இடவேண்டும். அப்புறம், விரும்பினால், அதே பட்டியலில் உள்ள வேட்பாளர்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைக் கட்சி வாக்கும், அந்த ஆசனங்களில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கும் தீர்மானிக்கின்றன. தேசியப் பட்டியல் நாடளாவிய வாக்கு விகிதப்படி பிரிக்கப்படுகிறது. மாவட்டத்தில் தோற்றவரையும் அந்த வழியாக உள்ளே கொண்டுவரலாம் என்பதால் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அதில் ஒரு சண்டை உண்டு.

மாவட்டக் கணக்கைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், கூட்டணிப் பேரம் எல்லாம் அங்கேதான் பிறக்கிறது. ஏழு ஆசனம் உள்ள ஒரு மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் 3 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அ கட்சிக்கு 1,17,000. ஆ கட்சிக்கு 84,000. இ கட்சிக்கு 60,000. ஈ கட்சிக்கு 27,000. இன்னொரு குழுவுக்கு 12,000. ஆசனம் கேட்கத் தேவையான குறைந்தபட்ச வாக்கான வெட்டுப்புள்ளி 5 சதவீதம், அதாவது 15,000. கடைசிக் குழு அதைத் தொடவில்லை, அதன் வாக்குகள் கழிக்கப்படும். மீதி 2,88,000. அதிக வாக்குப் பெற்ற அ கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் முதலிலேயே போய்விடும். எஞ்சிய ஆறு ஆசனங்களால் 2,88,000-ஐ வகுத்தால் 48,000. இதுதான் ஓர் ஆசனத்தின் விலை. அ-வுக்கு இரண்டு முழு ஆசனம், ஆ-வுக்கு ஒன்று, இ-க்கு ஒன்று. மீதமுள்ள இரண்டும் எஞ்சிய வாக்கு அதிகம் உள்ளவர்களுக்கு: ஆ-விடம் 36,000, ஈ-யிடம் 27,000. முடிவு: அ 3, ஆ 2, இ 1, ஈ 1.

இப்போது 1978-இல் எழுதிய 12.5 சதவீத வெட்டுப்புள்ளியை இதே வாக்குகள்மீது வைத்துப் பாருங்கள். 9 சதவீதம் பெற்ற ஈ வெளியே. ஓர் ஆசனத்தின் விலை 43,500 ஆகிறது, அ-வுக்கு 4, ஆ-வுக்கு 2, இ-க்கு 1. சிறிய கட்சியின் ஆசனம் நேராகப் பெரிய கட்சியின் கைக்குப் போகிறது. 15ஆம் திருத்தம் 12.5-ஐ 5 ஆக்கியதன் பொருள் இதுதான். 1988 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப், வேட்பாளராக நின்ற பிரேமதாசவிடம் பேசிப் பெற்ற மாற்றம் இது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. என் பார்வையில், இலங்கைக் கூட்டணி அரசியலை 1978-ஐ விட அதிகம் மாற்றியது இந்த ஒற்றை எண்.

இன்னொன்று. அதே 5 சதவீதக் கணக்கில் ஆவும் ஈயும் ஒரே சின்னத்தில் நின்று 1,11,000 வாக்கு வாங்கினால்? இரண்டு ஆசனம்தான். தனித்தனியாக நின்றபோது இருவருக்கும் சேர்த்து மூன்று. சேர்ந்ததால் ஒன்று போய்விட்டது! ஆனால் ஆவும் இயும் சேர்ந்தால் 1,44,000 ஆகி, அ-வைத் தாண்டி, போனஸும் வந்து, மூன்று நான்காகிறது. ஆகவே கூட்டணி எப்போதும் இலாபம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. போனஸைப் பறிக்க முடிந்தால் முன்கூட்டியே சேர், முடியாவிட்டால் தனியே நின்று ஆசனம் எடுத்துக்கொண்டு பிறகு பேசு. கட்சிச் செயலாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும், மேடையில்தான் வேறு காரணம் சொல்வார்கள்.

தேர்தலுக்குப் பின் பேசுவதன் பலம் 1994-இல் தெரிந்தது. சந்திரிகாவின் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105. முஸ்லிம் காங்கிரஸின் 7 சேர்ந்தால் 112. நுவரெலியாவில் சுயேச்சைக் குழுவாக வென்ற மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன் ஒருவர் சேர, 225-இல் பாதியைத் தாண்டும் 113. பதினேழு ஆண்டு ஐ.தே.க. ஆட்சி அந்த ஒரு கையால் முடிந்தது. 2001 ஜூனில் முஸ்லிம் காங்கிரஸ் அரசிலிருந்து விலகியதும் அதே சந்திரிகாவின் அரசு பெரும்பான்மை இழந்தது, ஆண்டு முடிவதற்குள் மறு தேர்தல்.

இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் வேறு வழி கண்டது. பெரிய கட்சியின் பட்டியலில் தன் வேட்பாளர்களை நிறுத்தித் தோட்ட மக்களின் மூன்று விருப்பு வாக்குகளையும் அவர்களுக்கே கேட்பது. சிதறாமல் விழும் வாக்கு என்பதால் பெரிய கட்சியின் சொந்த ஆட்களைவிட இவர்கள் மேலே வருவார்கள். ஐ.தே.க.வின் யானைச் சின்னத்திலும் நின்றார்கள், பின்னாளில் ராஜபக்ச தரப்போடும் நின்றார்கள். வென்றபின் தனிக் கட்சியாகப் பேரம் பேசலாம். இதன் மறுபக்கம், விருப்பு வாக்கு வந்தபின் வேட்பாளரின் முதல் எதிரி அதே பட்டியலில் பக்கத்து இலக்கத்தில் இருப்பவர். சுவரொட்டிச் சண்டையும் கைகலப்பும் ஒரே கட்சிக்குள் நடப்பதற்கும், ஒரு மாவட்டம் முழுக்கப் பிரசாரம் செய்யப் பணக்காரர்கள் தேவைப்படுவதற்கும் காரணம் இதுவே.

எதிர்க்கட்சிக்கு என்ன ஆனது? 1977 போல எட்டு ஆசனத்துக்குள் அடங்கிப்போகும் ஆபத்து குறைந்தது, ஆனால் உள்ளேயிருந்து கரையும் ஆபத்து வந்தது. பெரும்பான்மை மெலிதாக இருந்தால் ஆளும் தரப்பு எதிர்வரிசையில் ஆள் தேடும். கட்சி நீக்கினால் உறுப்பினர் ஆசனம் இழப்பார் என்று அரசியலமைப்பின் 99(13) பிரிவு சொல்கிறது. ஆனால் நீக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், நீக்கிய நடைமுறையில் பிழை கண்டால் நீக்கமே செல்லாது. 2007 சனவரியில் கரு ஜயசூரிய தலைமையில் ஐ.தே.க. உறுப்பினர்கள் கூட்டமாக மகிந்த அரசில் சேர்ந்து அமைச்சர்களானபோதும் ஆசனங்கள் பறிபோகவில்லை.

2015-இல் இன்னும் விசித்திரம். 95 ஆசனம் பெற்ற ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் ஒரு பகுதி ஐ.தே.க. தலைமையிலான தேசிய அரசில் அமைச்சர்களாகிவிட்டது. மகிந்தவோடு நின்றவர்கள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பைவிட எண்ணிக்கையில் அதிகம் என்றாலும் ஏட்டில் அரசோடு இணைந்த கட்சியின் உறுப்பினர்கள். அதனால் 16 ஆசனம் பெற்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். 1977-இல் ஒரு தமிழ்க் கட்சி அந்த நாற்காலிக்கு வந்தது தொகுதி முறையின் கோணலால், 2015-இல் வந்தது விகிதாசார முறை உருவாக்கிய பெருங்கூட்டணியால்.

இந்த முறையில் தனிக்கட்சிக்கு மூன்றில் இரண்டு வராது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 61.56 சதவீத வாக்குக்கு 159 ஆசனம் எடுத்தது. மட்டக்களப்பு தவிர்ந்த 21 மாவட்டங்களின் போனஸும் அதற்கே. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள்: ஆறு ஆசனம். தேசிய மக்கள் சக்திக்குச் சுமார் 80 ஆயிரம் வாக்கு, மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு, மூன்று ஆசனம். தமிழரசுக் கட்சிக்கு 63 ஆயிரம், ஓர் ஆசனம். தமிழ்க் காங்கிரஸுக்குக் கிட்டத்தட்ட 28 ஆயிரம், அதுவும் ஓர் ஆசனம். கடைசி இரண்டின் வாக்கும் அப்படியே ஒரே சின்னத்தில் விழுந்திருந்தால் போனஸ் கைமாறி அவர்களுக்கு மூன்று, தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு. வாக்குகள் அப்படி ஒட்டுமா என்பது வேறு விஷயம். தமிழரசு வாக்காளர் எல்லோரும் தமிழ்க் காங்கிரஸின் சைக்கிள் சின்னத்துக்குப் போடுவார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

உள்ளூராட்சி சபைகளுக்கு 2017-இல் கலப்பு முறை வந்தது: 60 சதவீதம் வட்டாரத்தில் வென்றவர்கள், 40 சதவீதம் பட்டியல். 2018 தேர்தலில் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது, பல சபைகளில் யாருக்கும் பாதி இல்லை. தேர்தலில் திட்டிக்கொண்டவர்கள் தவிசாளர் தெரிவில் கைகோத்தார்கள். 2025 மே தேர்தலிலும் அதே கூத்து.

மாகாண சபைகளின் நிலை இதைவிட மோசம். அவற்றுக்கும் 2017-இல் கலப்பு முறை சட்டமானது. புதிய தொகுதி எல்லைகளுக்கான அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது, சமர்ப்பித்த அமைச்சரே ஆதரவாக வாக்களிக்கவில்லை. பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை. 2014-க்குப் பிறகு எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடக்காததற்குச் சட்டக் காரணம் இவ்வளவுதான். பழைய விகிதாசார முறைக்கே திரும்புவதாகப் பாராளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தாலும் போதும், எல்லைகளை நிர்ணயித்து நிறைவேற்றினாலும் போதும்.