ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணல் எப்படி முடிவு செய்கிறது?

புவி சூடாவதைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். நமக்கு எக்ஸ், ஒய் குரோமோசோம்கள். கடலாமைக்கு அப்படி எதுவும் இல்லை. முட்டை புதைந்த மணல் ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸில் இருந்தால் இரு பாலும் கலந்து பொரிக்கும். ஓரிரு டிகிரி குறைந்தால் ஆண்களே மிகுதி, ஏறினால் பெண்களே மிகுதி. அடைகாலம் சுமார் இரண்டு மாதம். அதில் நடுப்பகுதியின் சூடுதான் பாலை நிர்ணயிக்கும். கடைசி நாட்களில் நூறு கருக்களின் உடற்சூட்டில் கூடே கொதித்தாலும், பால் அதற்குள் முடிவாகியிருக்கும்.

சூட்டை மரபணு எப்படி அறிகிறது? சிவப்புக்காது நன்னீர் ஆமையில் 2018இலும் 2020இலும் வெளியான ஆய்வுகள் இதை அவிழ்த்தன. விந்தகத்தை உருவாக்கும் டிஎம்ஆர்டி1 மரபணுவின் வாசலில், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் மேல், மரபணுவை இயங்கவிடாத மீத்தைல் என்ற சிறு வேதிக்குழு பூட்டாகத் தொங்குகிறது. அதைக் கழற்றும் நொதி கேடிஎம்6பி. 26 டிகிரியில் அந்த நொதி தாராளமாக உருவாகும், பூட்டு கழலும், விந்தகம் வளரும். 32 டிகிரியில் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. அது ஸ்டாட்3 என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிட, அந்தப் புரதம் போய் கேடிஎம்6பி மரபணுவை அடக்குகிறது. பூட்டு அப்படியே கிடக்க, சினைப்பை வளர்கிறது. குளிரிலேயே வைத்து அந்த நொதியை மட்டும் குறைத்தபோது, பெரும்பாலான கருக்கள் பெண்ணாயின! ஒரு வெப்பமானியை உயிர் இவ்வளவு சிக்கனமாகச் செய்திருப்பது எத்தனை முறை படித்தாலும் வியப்புதான். கடலாமையிலும் இதே சங்கிலியா என்பது இனிமேல் ஆராய வேண்டியது.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வெப்பமான வடபகுதிக் கரைகளில் பிறந்த பச்சைக் கடலாமைகளில், வளர்ந்தவற்றில் 87 சதவீதம் பெண். இளையவற்றில் 99 சதவீதத்துக்கும் மேல். ஓர் ஆண் பல பெண்களோடு இணையும் என்பதால் கூட்டம் உடனே சரியாது. ஆனால் ஆமை பருவமடையவே இருபது, முப்பது ஆண்டு ஆகும். மூன்றாண்டு நிதியில் இதைக் கண்காணிக்க நினைப்பது வீண்; தலைமுறைக் கணக்கில்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

மணலின் சூட்டைக் குறைக்கக் கூட்டின் மேல் நிழல்வலை கட்டலாம், குளிர்ந்த நீர் தெளிக்கலாம். முட்டைகளை வேறிடத்துக்கு மாற்றுவதானால் இட்ட இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள், புரட்டாமல் எடுக்க வேண்டும். கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிய பிறகு புரட்டினால் இறந்துவிடும். முட்டைகளின் நடுவே வெப்பப்பதிவுக் கருவி ஒன்றும் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அளவுக்கு மீறிக் குளிர்வித்தால், பொரித்தவை அத்தனையும் ஆணாக இருந்தாலும் தெரியாது. குஞ்சை வெளியிலிருந்து பார்த்துப் பால் சொல்ல வழியில்லை.